வெயில் படாத இடம்

குட்டியின் கைக்குப் பக்கத்தில் ஒரு விரல் கூடுதலாக இருந்தது.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள் அவள். மஞ்சளாகக் கலங்கியிருந்த தண்ணீர் மெல்லத் தெளியத் தெளிய, அடர்ந்த நீலத்தின் நடுவே மகளின் உள்ளங்கை ஐந்து விரல்களையும் அகல விரித்துக்கொண்டு வெளியே வந்தது. சுற்றிலும் டெய்லர் அக்கா அடுக்கிய லேஸ் துண்டுகள், பூவும் வலையுமாக. காகிதத்தின் மேல் ஓரத்தில், கதவிடுக்கில் நுழைந்ததுபோல, நீளமாக ஒரு வெள்ளை விரல்.

"யாரோ ஓரத்துல கைய வச்சிருக்கீங்க."

"நான் இல்லப்பா. நான் டீ குடிச்சிட்டு இருந்தேன்," என்றான் லேபிள்.

"என்னைப் பார்க்காத. எனக்கு இவ்ளோ அழகான விரல் எங்க இருக்கு?" ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களை டெய்லர் அக்கா நீட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் படத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

அவளுக்கு மருந்துக்கடை. அடுத்த கதவு அக்காவின் தையல் கடை. லேபிள், பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஷாம்பு பாட்டிலுக்கும் கம்ப்யூட்டரில் லேபிள் வரைந்து பிழைப்பவன். அவளுக்கு அவன் வைத்த பெயர் மாத்திரை. ஞாயிறு காலை ஆனால் மூவரும் இவள் வீட்டு மாடியில் கூடி எதையாவது செய்து பார்ப்பார்கள். களிமண்ணைப் பிசைந்தார்கள். ரப்பர் தகட்டைச் செதுக்கி அச்சு எடுத்தார்கள். லேபிளின் டேப்லெட்டில் பேனா பிடித்து ஆளுக்கொரு கோணல் மூஞ்சி வரைந்தார்கள். யாருக்கும் எதுவும் கை வரவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. வாரம் முழுக்க அடுத்தவர் இருமலைக் கேட்டுக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான் மூச்சு விடக் கிடைத்தது.

வெயில் படம் லேபிள் கொண்டுவந்த யோசனை. இரண்டு பொடிகளைத் தண்ணீரில் கரைத்து, திரை போட்ட அறையில் காகிதத்தின் மேல் பூசிக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் வெளிர் மஞ்சள். அதன் மேல் இலையோ லேஸோ வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் கறுத்துவிடும். பிறகு தண்ணீரில் கழுவினால் பட்ட இடம் நீலமாக நின்றுவிடும். படாத இடத்துப் பூச்சு கரைந்துபோய் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தை. கலவை போடுவது அவள் பொறுப்பு. துணியும் லேஸும் அக்கா. காய்ந்த படங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறம் மாற்றி விளையாடுவது லேபிள். நடுவில் கையை வைப்பது மட்டும் குட்டி. பிள்ளைக்கு இன்னும் பால் பல் விழ ஆரம்பிக்கவில்லை. கணவன் வேறு வீடு, வேறு வாழ்க்கை என்று போனபிறகு, அவள் காலையில் எழுந்திருப்பதே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

"அம்மா, லேஸ் வெள்ளையா இருக்கு. என் கை ஏன் வெள்ளையா இல்ல?"

உண்மைதான். கை லேசாக நீலம் பாரித்திருந்தது.

"நீ ஆட்டியிருப்ப."

"ஆட்டவே இல்ல," என்றாள் குட்டி. முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஓரத்தில் நான்கு விரல்கள் வந்தன. அதற்கடுத்த வாரம் மணிக்கட்டு வரை. லேபிள்மேல்தான் சந்தேகம், கடைத்தெருவில் அவன் குறும்பு பிரசித்தம். தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நம்பவில்லை என்றதும், அடுத்த படத்துக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போய் நின்றான். அன்றைக்குக் கழுவியபோது முழங்கை வரை வந்தது.

வெறும் கை இல்லை. விரல்கள் நீளம், கணுக்கள் அதிகம். லேஸின் வலையைவிட, அன்று ஓரமாக வைத்த சாவியின் தடத்தைவிட வெள்ளை; காகிதத்தோடு காகிதமாக அழுத்தி வைத்ததுபோல ஓரமெல்லாம் கத்தி வெட்டாக இருந்தது.

பயப்பட வேண்டிய இடத்தில் மூன்று பேரும் ரசித்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது. இத்தனை மாதமாக இவர்கள் கை பட்டதில் ஒன்றுகூட சுவரில் மாட்டும்படி இல்லை. இதை யார் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். சுவரின் ஈரம் என்றாள் ஒருத்தி, கலவை திரிந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி, என்னவோ இருக்கட்டும், விட்டுடாதீங்க என்றான் லேபிள்.

அந்த வாரங்களில் குட்டி பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சுருண்டு தூங்கினாள். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மருந்துக்கடைக்காரி ஆயிற்றே, சத்து டானிக் கொடுத்தாள், பூச்சி மாத்திரை கொடுத்தாள். ஒரு நாள் மாலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "அம்மா" என்று குரல் கேட்க, அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் குட்டி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் கூடத்து ஜன்னல் முழுக்க மாலை வெளிச்சம். அந்த வாசலில் யார் வந்து நின்றாலும் மேடைமேல் வெளிச்சம் குறையும். அதை வைத்துத்தான், திரும்பிப் பார்க்காமலே, குட்டி எப்போது கதவருகே வந்து எதைக் கேட்கலாம் என்று தயங்கி நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இன்று வெளிச்சம் குறையவில்லை. வெங்காயத் தோலின் மேல் அது அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

கண் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

பெட்ஷீட் யோசனை யாருடையது என்று பிறகு அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. "காகிதம் சின்னதா இருக்கறதாலதான் கை மட்டும் வருது, பெருசா ஒண்ணு போட்டா முழுசா புடிச்சிடலாம்" என்று லேபிள் சொன்னான். ஆனால் இரண்டு வெள்ளைப் பருத்தி விரிப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்தது அக்கா. வாளி நிறையக் கலவை போட்டது அவளேதான். நடுவில் நானே படுத்துக்கறேன் என்று குதித்தது குட்டி.

"வேணாம்டா, வெயில் சுடும்."

"காலை வெயில்தானே மாத்திரை, டி விட்டமின்," என்றான் லேபிள். அவள் சரி என்றாள். அந்தச் 'சரி'யை நினைத்து அவள் பிறகு எத்தனை முறை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

விரிப்பின் ஒரு பாதியில் குட்டி கை காலை அகட்டிக் கண்ணை மூடிப் படுத்தாள். பெரியவர்கள் மூவரும் எட்டப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதபடி. காற்று இல்லை. கொடியில் கிளிப்கள் அசையாமல் தொங்கின. தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து சொட்டு விழும் சத்தமும், தூரத்தில் எவனோ மோட்டார் பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ண முயலும் சத்தமும் கேட்டன. துணியிலிருந்து துருப்பிடித்த ஆணியின் வாடை கிளம்பிச் சுட்ட சிமென்ட் வாடையோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. மஞ்சள் துணி பச்சையாகி, பச்சை சாம்பலாகிக்கொண்டிருந்தது. குட்டிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சுடுதாடா?"

"இல்லம்மா." கண்ணைத் திறக்காமலே குட்டி சொன்னாள். "இங்க நிழலா இருக்கு."

மேலே ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. அக்கா அவள் கையைப் பிடித்தாள். அக்காவின் உள்ளங்கை வியர்த்திருந்தது.

அவள் ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கினாள். பஞ்சுபோல வந்தது உடம்பு. அத்தனை வெயிலில் கிடந்த பிள்ளையின் முதுகு ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்ததுபோல இருந்தது. துணியில் குட்டி கிடந்த இடம் பளிச்சென்று மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். சுற்றியிருந்ததைவிடக் கொஞ்சமே வெளுத்த சாம்பல் தடம்தான் அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில், குட்டியைவிட இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒன்று, சுத்த மஞ்சளாக, கூர்மையான ஓரங்களோடு, குட்டியின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் கை குட்டியின் கைத்தடத்தைப் பற்றியிருந்தது.

யாரும் ரசிக்கவில்லை. லேபிள்தான் துணியைக் கழுவாமலே சுருட்டிக் கறுப்புப் பைக்குள் திணித்து இவள் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினான். குட்டியைப் போர்வைக்குள் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடையில் இருக்கும்போது லேபிள் ஒரு வீடியோ அனுப்பினான். இத்தனை வாரப் படங்களையும் ஸ்கேன் செய்து, குட்டியின் கை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வரும்படி பொருத்தி, அடுக்கடுக்காக ஓட்டியிருந்தான். நடுவில் அசையாமல் சின்னக் கை. ஓரத்திலிருந்து பெரிய விரல்கள் உள்ளே வந்தன. வந்தன. நெருங்கின. தனித்தனிப் படமாகப் பார்த்தபோது வெறும் வடிவமாக இருந்தது, ஓட்டிப் பார்த்தபோது தவழ்ந்து வந்தது. அது நெருங்க நெருங்கச் சின்னக் கை நீலத்துக்குள் மங்கிக்கொண்டே போனது.

இருமல் மருந்து கேட்டு வந்த ஆள் கவுன்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.

போன் அடித்தது. "பார்த்தியா?" லேபிள் குரலில் விளையாட்டே இல்லை. "குட்டி கைல எவ்ளோ குறையுதோ, அவ்ளோ அந்தப் பெரிய கைல ஏறுது. நான் கலர் அளவு எடுத்துப் பார்த்துட்டேன். துளி மாறல."

"என்ன ஏறுது?"

"வெயில மறைக்கற சக்தின்னு வச்சுக்க. எனக்கு வேற சொல்லத் தெரியல. அந்தப் பெட்ஷீட்ட கழுவாத. கழுவினா அது அப்படியே நின்னுடும்."

"கழுவாம வெயில்ல விரிச்சா?"

"மிச்சம் இருக்கற மஞ்சளும் கறுத்துடும். எந்த உருவமும் இருக்காது. ஆனா நீ பாட்டுக்கு எதையும் பண்ணாத, நான் வேலை முடிச்சிட்டு வரேன்."

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு அனுப்பாத குட்டியைப் பார்த்துக்கொள்ள அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிலில் பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். போனின் டார்ச்சைப் போட்டுக் குட்டியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கூசுதும்மா!"

பின்சுவரில் அக்காவின் தலை நிழல் கறுப்பாக விழுந்தது. குட்டி இருந்த இடத்தில், கண்ணாடி டம்ளருக்கு விழுவதுபோல, ஓரம் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய கோடு. அதற்குள் சுவரின் விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யாருடைய பிள்ளையை யார் தின்பது?

"அக்கா, இவள விட்டு எங்கயும் போகாதீங்க. திரைய திறக்காதீங்க."

"நீ எங்கம்மா போற?"

"அதை அழிச்சிட்டு வரேன்."

லேபிள் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. ரசாயனம் அவள் தொழில். எது எதில் கரையும், எது எதைக் கெடுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. வெயில் பட்டால் மஞ்சள் போகும். மஞ்சள் போனால் அது போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அலமாரியைத் திறந்து, பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள்.

உச்சி வெயில். தரை காலைச் சுட்டது. துணியை உதறி விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். மஞ்சளாக அந்த நீள உருவம். அதன் கைக்குள் சாம்பலாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற குட்டி. அவள் இரண்டு எட்டு பின்னால் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போ," என்று சத்தமாகவே சொன்னாள். "செத்துத் தொலை."

துணி கறுக்க ஆரம்பித்தது. சுருட்டிய மடிப்புகளில் மிச்சமிருந்த மஞ்சள் கீற்றுகள் பச்சையாகி, சாம்பலாகி, ஒவ்வொன்றாக அணைந்தன. கீழேயிருந்து அக்காவின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது, சிவப்பு பட்டன், பச்சை பட்டன், இதுல நாலு ஓட்டை பாரு. குட்டி ஏதோ கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குத் தெம்பு வந்தது.

முதலில் போனது சின்ன விரல்கள்.

குட்டியின் கைத்தடம் கறுப்புக்குள் அமிழ்ந்தது. பிறகு கால்கள். வயிறு. பின்னல் விழுந்திருந்த இடம். பெரிய உருவம் மட்டும் மஞ்சள் குறையாமல் இருந்தது. கெட்டியாகப் பூசியிருக்கும், கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காத்திருந்தாள். குழாய் சொட்டியது. அவள் உதட்டின் மேல் வியர்வை உப்புக் கரித்தது.

அது குறையவே இல்லை. ஓரம் இன்னும் கூர்மையானது.

கலவை அவளே போட்டது. ஒரே வாளி. ஒரே பிரஷ். ஒரே வெயில்.

அந்த மஞ்சள் மட்டும் கறுக்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அங்கே வெயில் படவில்லை.

அது துணியில் இருந்த தடம் இல்லை. அது இப்போது, இந்த நிமிஷம், அங்கே படுத்திருந்தது.

அப்படியானால் கறுத்துப்போனது? அவள் வெயிலில் விரித்துவைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று அழித்தது?

கீழே சிரிப்பு நின்றது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, என் தங்கமே."

பாய்ந்தாள். குட்டியின் தடத்தில் தலைப்பகுதி மட்டும் ஒரு சாம்பல் புள்ளியாக மிச்சமிருந்தது. அதன் மேல் விழுந்தாள். கையால் மூடினாள். போதவில்லை. மல்லாந்து முதுகால் மூடினாள். ஒரு துளி வெயில்கூட விழாதபடி கை காலைப் பரப்பிக்கொண்டாள். துணி கொதித்தது. இடப்பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை. யாரோ ஒருக்களித்துப் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இடைவெளி விழும்.

"ஏம்மா!" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "குட்டி அங்க வந்தாளா? கையப் புடிச்சேன், கைக்கே சிக்கலம்மா, நான்... ஏம்மா!"

படியில் காலடி. சின்னக் காலடி. மெதுவாக.

"குட்டி, வராத! கீழ போ!"

காலடி நிற்கவில்லை. மாடிக் கதவு கிறீச்சிட்டது. சுடுகிற தரையில் வெறுங்கால்கள் நடந்து வந்து தலைமாட்டில் நின்றன. குட்டி குனிந்து அம்மாவைப் பார்த்தாள். தளர்ந்த பின்னல். கன்னத்தில் தலையணை மடிப்பு. மேலே நேர் உச்சியில் நின்ற சூரியனுக்கும் அம்மாவின் கண்களுக்கும் நடுவே, சரியாக, அந்த முகம்.

"எழுந்திரும்மா. பசிக்குது."

அவள் கண்ணை மூடாமல் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்தின் நட்ட நடுவிலிருந்து, நெற்றிக்கும் மூக்குக்கும் ஊடாக, வெயில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் அவள் கண்ணுக்குள் எரிந்தது. இடப்பக்கத்திலிருந்து நீளமான குளிர்ந்த நிழல் ஒன்று அவள் மார்பின் மேல் கையை ஊன்றி, குட்டியின் பக்கமாக, எழுந்து உட்கார்ந்தது.